கறி வைத்த சட்டியில் மொச்சை

"நீங்க வெஜ்ஜா?"

அமெரிக்காவில் என்னிடம் தமிழில் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். பிஸ்கட்டவே என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்ட் வாசல். பனியில் நனைந்த பெட்டியோடு நான். உள்ளே ஏற்கெனவே குடியிருந்த இருவர், மூன்றாவது படுக்கைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர் கதவைப் பாதி திறந்து பிடித்தபடியே கேட்டார். ஆமா என்றேன். மீதிக் கதவும் திறந்தது.

குளிருக்குப் பயந்து சொன்ன பொய் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். குளிரும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு என் வயிற்றின்மேல் பெரிய அக்கறை ஏதும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுச் சோற்றுப் பக்கமாகச் சுற்றி வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் ஆமா என்றதும் என்னை இன்னார் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். மறுநாளே பேச்சில் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. 'நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இங்க சாப்பாடுதான் கஷ்டம்' என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன். அந்த 'நம்மள' எனக்கு இதமாக இருந்தது. வெட்கம் அங்கேதான் இருக்கிறது, பொய்யில்கூட இல்லை, அந்த இதத்தில்.

கரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. மழைக்கு யாராவது பெயர் வைப்பார்களா? பெய்யும், நனைவோம்.

இங்கேதான் எல்லாவற்றுக்கும் பெயர். பால் குடித்து முட்டை தின்னாதவருக்கு ஒன்று. முட்டை தின்று பால் குடிக்காதவருக்கு ஒன்று. மீனை மட்டும் விட்டுவைக்காதவருக்கு, பழத்தோடு நிறுத்திக்கொண்டவருக்கு, தேனைக்கூடத் தொடாதவருக்கு, வாரம் முழுக்க இலை தழை தின்று சனிக்கிழமை மட்டும் வழுக்கி விழுகிறவருக்கு, எல்லாருக்கும் அகராதியில் இடம் உண்டு. நம்மவர்களின் வகைகள் அதைவிட அதிகம். பெயர் மட்டும் வைக்கவில்லை. வீட்டில் வெஜ், வெளியே நான்வெஜ். செவ்வாய் வெள்ளி வெஜ். புரட்டாசி வெஜ். குழம்பை ஊற்றிக்கொள்வார், துண்டு விழக்கூடாது. முட்டை கேக்குக்குள் ஒளிந்திருக்கலாம், தட்டில் வந்து முகத்தைக் காட்டக்கூடாது. மாமியார் வந்தால் வெஜ். விமானம் ஏறினால் நான்வெஜ். இத்தனைக்கும் உச்சியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வகை: பிறவி வெஜ். அதற்கு மட்டும் ஒரு தனி வெளிச்சம்.

இந்த வரிசையில் எனக்கு ஒத்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் வீட்டில் நான்வெஜ், வெளியே வெஜ்.

கல்யாணமாகி மனைவி வந்தாள், அவளும் எங்கள் பக்கம்தான். என் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அவளுக்கும் அது பழகிவிட்டது. வெஜ் என்ற பெயர் பலாப்பால் மாதிரி. ஒட்டினால் தண்ணீருக்குப் போகாது. ஹூஸ்டனில் இருந்த வருடங்களில் ஹில்க்ராஃப்ட் சாலையில் ஆட்டுக்கறி வாங்குவேன், பக்கத்துக் கடையில் கீரைக்கட்டு வாங்கிப் பையில் கறியின் மேல் போர்த்துவேன். கார் நிறுத்துமிடத்தில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் கீரையைப் பற்றிப் பேசுவேன். அரைக்கீரை இங்க நல்லா கிடைக்குதுங்க. முளைக்கீரைதான் வதங்கிப்போய் வருது. கறியின் குளிர்ச்சி பை வழியாக என் தொடையில் படும்.

சன்னிவேலுக்கு வந்தபின் ஊரே மாறிவிட்டது. அலுவலகத்தில் ஓட்ஸ் பால். உணவு மேசைகளில் வீகன் என்று பச்சை எழுத்து. பிறகு என் மகள் பதினான்கு வயதில் ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்து, இனி எந்த உயிரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கறி இல்லை, முட்டை இல்லை, பால் தயிர் நெய் எதுவும் இல்லை. அதுதான் வீகன். இரண்டு வருடமாக அதிலிருந்து அவள் அசையவில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக்குகளில் அவளைப் பார்த்துத் தெரிந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். உங்க வளர்ப்பு சார், அந்தப் பாரம்பரியம் எங்க போகும் என்றார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். நான் வாயால் சொன்னதை அவள் வயிற்றால் உண்மையாக்கிக்கொண்டிருந்தாள்; அதற்கான பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் அக்கா வந்தாள்.

எனக்கு ஒரே அக்கா. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அமெரிக்கா பார்க்க வரவில்லை, மருமகளைப் பார்க்க வந்தாள். தம்பி மகளுக்கு என் கையால் ஒரு வாய் போடணும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தவள். வந்த முதல் நாள் பணியாரம் சுட்டு நெய்யை ஊற்றி நீட்டினாள். மகள் முகம் சுருங்கி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கத் தொடங்கினாள்.

"மில்க் வேணாம் அத்தை. நெய் இஸ் மில்க்."

"நெய்யி எப்படிக் கண்ணு பாலாகும்? காய்ச்சியாச்சே."

"ஸ்டில் மில்க். ஹனி, தேன், அதுவும் வேணாம்."

"தேனுமா? ஏங்கண்ணு, தேனீ உன்ற கிட்ட வந்து பிராது குடுத்துச்சா?"

மகள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு நோன்பு மாதிரி ஆகிவிட்டது. பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். பால்பொடி இருக்கிறதா? ரொட்டியில்? கரண்டியைக்கூடப் பிரித்து வைத்தாள். நெய் பட்ட கரண்டி ஒருபக்கம், 'கண்ணு'வின் கரண்டி ஒருபக்கம். பாலில்லாத பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்தாள். தான் ஐம்பது வருடம் சமைத்த கையை மாற்றிக்கொண்டாள், ஒரு முணுமுணுப்பு இல்லாமல். மகள் ஒவ்வொன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கடைசியில் மொச்சைதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

இந்தியக் கடையில் உறைந்த மொச்சைப் பொட்டலம் கிடைக்கும். எங்கள் பக்கம் அதைக் கறிக்குழம்புக்கு அரைக்கிற அதே மசாலாவில் வைப்பார்கள். சின்ன வெங்காயம், மல்லி, மிளகாய், சீரகம், கசகசா, தேங்காய், ஒரு துண்டுப் பட்டை. கறி எடுக்க முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் மொச்சைதான் கறி. மகள் கிண்ணத்தை வழித்துத் தின்றதைப் பார்த்துவிட்டு அக்கா அன்றிரவு கணவருக்குப் போன் போட்டுச் சொன்னாள், பாப்பா சோறு ரெண்டாந்தரம் வாங்குச்சு என்று.

மறு ஞாயிறு பாட்லக். நண்பர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் வழக்கமாகக் கூடும் குடும்பங்கள். மனைவி அலுவலக வேலையாக டெக்ஸஸ் போயிருந்தாள். அக்காவைத் தனியே விட மனமில்லாமல் அழைத்துப்போக முடிவு செய்தேன். மொச்சைக் குழம்பு நான் கொண்டாரேன், எல்லாரும் சாப்புடட்டும் என்றாள். முகம் அப்படி மலர்ந்தது.

அந்த பாட்லக்குகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தோட்டத்தில் நீள மேசை, வெஜ்ஜுக்கு. கராஜுக்குள், துவைக்கும் இயந்திரத்தை ஒட்டி ஒரு மடக்கு மேசை, நான்வெஜ்ஜுக்கு. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு மடித்த அட்டை நிற்கும். வெஜ், வீகன், ஜெயின், வெங்காயம் பூண்டு இல்லாதது, முட்டை உண்டு, நட்ஸ் உண்டு. அட்டைகளை எழுதுவது என் வேலை. நான் ஏதோ கவிதை போல எழுதுகிறவன் என்பதால் என் கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று ஒப்படைத்துவிட்டார்கள். சந்தோஷமாக எழுதுவேன். கராஜ் பக்கம் போனதில்லை. அங்கிருந்து வரும் பிரியாணி வாசத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி வெஜ் என்று வளைத்து வளைத்து எழுதியிருக்கிறேன்.

முந்தின நாள் சனிக்கிழமை, அக்கா எனக்காகக் கறிக்குழம்பு வைத்தாள். மனைவி ஆசையாக வாங்கிய மண்சட்டியில். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஞாயிறு காலை அதே சட்டியைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, பின்கட்டில் வெயிலில் கவிழ்த்தாள். பிறகு மகளை அழைத்துக் கேட்டாள், இதில் வைத்தால் நீ சாப்பிடுவாயா என்று. மகள் யோசித்துச் சொன்னாள்: கழுவின சட்டியால் எந்த ஆட்டுக்கும் புதிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. அதை நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். அக்காவுக்குத் திருப்தி.

சட்டியை மடியில் துணி சுற்றி வைத்துக்கொண்டு காரில் வந்தாள். தோட்டத்தில் எல்லாரும் மண்சட்டியைச் சுற்றி நின்றார்கள். அலுமினியத் தட்டுகளுக்கு நடுவே அது ஊரிலிருந்து வந்த ஆள் மாதிரி இருந்தது. நான் அட்டை எடுத்து, மற்ற நாளைவிட அழகாக, வீகன் என்று எழுதி அதன் முன் நிறுத்தினேன். அக்காவே கரண்டி பிடித்துப் பரிமாறினாள். பாதிச் சட்டி சீக்கிரமே காலியாகிவிட்டது. மகள் தன் தோழிகளிடம் என் அத்தை செய்தது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்ததை மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், எங்கள் கூட்டத்துக்கு அன்றுதான் இரண்டாம் முறை வருகிறாள், மறுபடி தட்டை நீட்டினாள்.

"ஆண்ட்டி, செம டேஸ்ட். நானும் இந்த மசாலா ட்ரை பண்ணிருக்கேன், இப்படி வரவே வராது. ஏதாவது சீக்ரெட் இருக்கா?"

பிறருக்குச் சமையல் ரகசியம் சொல்வது எங்கள் ஊரில் ஓர் அன்பு. அக்கா குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அது சட்டி வாகுங்க கண்ணு. நேத்து இதுலதான் கறி வெச்சேன். கறி வெச்ச மண்சட்டியில மறுநா மொச்சைய வெச்சா, அதுக்குத் தனி ருசி."

யாரும் கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. படித்தவர்கள் கூட்டம். அந்தப் பெண் புன்னகையோடு தட்டை இறக்கிக்கொண்டாள். ஒருவர் வாயருகே போன கரண்டி திரும்பி வந்தது. மொச்சை ஊற்றிய தட்டு ஒன்று குப்பைப் பையின் மேல் மெதுவாக வைக்கப்பட்டு, அதன்மேல் ஒரு காகித நாப்கின் போர்த்தப்பட்டது. பேச்சு நிற்கவில்லை, ஆனால் எல்லாரும் வேறு எதையோ பேசினார்கள். அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

வீட்டுக்கார அம்மா என்னருகே வந்தார். தணிந்த குரல், நல்ல மனுஷி.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சில பேர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அத கராஜுக்கு ஷிஃப்ட் பண்ணிடலாமா?" பிறகு, என் முகத்தைப் பார்த்து, "ஆனா நீங்க வெஜ்ஜுன்னுல்ல..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க விட்டிருக்கலாம். ஆமாங்க, நேத்து நான்தான் ரெண்டு தரம் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். ஒருவேளை அடுத்த முறை நானும் கராஜுக்குள் போய்ச் சத்தமாகச் சிரித்துப் பிரியாணி தின்றிருப்பேன். அதற்கு வேண்டியது ஒரு மூச்சு. என்னிடம் அந்த மூச்சு இல்லை. அத்தனை வருடம் ஒட்டிய பெயர் என் வாயைத் திறந்து அதுவே பேசியது.

"எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாதுங்க. அக்கா ஊர்லருந்து வந்திருக்காங்க. அவங்களுக்காக ஒரு நாள்..."

அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சட்டிதான் இருந்தது. கேட்டுவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் கீழே விழுந்தால் அடி எங்கே பட்டிருக்கிறது என்று தேடுவாளே, அந்தப் பார்வை. தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். உடனே அந்த அம்மாவிடம் திரும்பினாள்.

"ஆமாங்கம்மா. எனக்குத்தாங்க கறி இல்லாட்டி எறங்காது. தம்பி தொடவே மாட்டான். நாந்தான் தெரியாம சட்டியக் கலந்துபோட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கை கூப்பினாள். கூப்பிய கைகளுக்கு நடுவில் கரண்டி இருந்தது.

ஐயோ ஆண்ட்டி, அதெல்லாம் ஒண்ணும் இல்ல என்று அந்த அம்மா பதறினார். நான் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். சட்டியை நானே தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதன்முதலாக அந்த மேசையருகே நின்றேன். பீர் டப்பாவோடு நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன சார் மட்டனா என்றார். மொச்சை என்றேன். மொச்சைக்கு இங்க என்ன வேலை என்று சிரித்து அவர் பிரியாணிப் பக்கம் நகர்ந்தார். பிரியாணியும் கோழி வறுவலும் இருக்கிற மேசையில் மொச்சையை யார் தொடுவார்கள்? அதற்கு என்ன அட்டை எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். என்னைப் பார்க்காமல் சட்டியிலிருந்து தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள். கோழி எலும்புகள் குவிந்திருந்த மேசை ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். எலும்பைப் பார்த்தாலே முகம் திருப்புகிறவள். தட்டில் ஒரு மொச்சை மிச்சமில்லை. சாப்பிட்டு முடித்துப் போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது சட்டி அக்காவின் மடியில். ஃப்ரீவேயில் ஒவ்வொரு முறை தடம் மாறும்போதும் உள்ளே குழம்பு தளும்பும் சத்தம். பின்னிருக்கையிலிருந்து மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், சனிக்கிழமை நீயும்தானே சாப்பிட்டாய் அப்பா என்று. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அவளுக்கு ஒரு பெயர் என்றால் அதன்படி வாழ்வது. ஒரு பெயரை மேலே போட்டுக்கொண்டு அடியில் வேறொன்றாக இருக்கலாம் என்பது அவள் படித்த எந்தப் பொட்டலத்தின் பின்புறத்திலும் இல்லை. நான் சாலையைப் பார்த்தேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேள்வி தெரிந்துவிட்டது.

"உடு கண்ணு," என்றாள். "நா ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயிருவேன். அப்பனுக்கு இங்கதான பொழப்பு. நாலு பேரு வேணுமில்ல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எங்கள் வீட்டில் திட்டு வாங்கினால் சோறு உண்டு, பிறகு எல்லாம் சரியாகிவிடும். அவள் என்னைப் புரிந்துகொண்டாள். என் பொய்யை ஒரு பிழைப்பாக, ஒரு நோய் மாதிரி, எதிர்த்துக் கேட்க முடியாத ஒன்றாக எடுத்துக்கொண்டாள். இந்த ஊரில் தம்பிக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்கிறது போல என்று என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். அந்த இரக்கத்துக்குள் எங்கள் அப்பன் ஆத்தா, ஞாயிற்றுக்கிழமைகள், அவள் கை ருசி எல்லாம் வெளியே சொல்லக்கூடாத விஷயமாகிவிட்டதை ஒப்புக்கொண்டாள். அன்று பாதி திறந்து என்னைக் கேள்வி கேட்ட கதவு இப்போது அவள் முன்னும் வந்துவிட்டது. நான்தான் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வாட்ஸாப்பில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அக்கா சொன்னது பொய், எனக்காகச் சொன்ன பொய், வீட்டில் கறி தின்கிறவன் நான். இந்த மூன்றை எழுத என்னால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வாக்கியம் நயமாக வந்தது, நயமாக வந்ததும் பொய்யாகத் தெரிந்தது. மனைவி டெக்ஸஸிலிருந்து வந்ததும் சொன்னேன். அக்கா எப்படி இருக்காங்க என்று மட்டும் கேட்டாள்.

அக்கா நன்றாகத்தான் இருந்தாள். சிரித்தாள், மகளுக்குத் தலை பின்னினாள், தேங்காய்ப் பால் பிழிந்தாள். மகள் என்னைவிட அவளிடம் நெருக்கமாகிவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் மாறியது. திரும்பிப் போகும்வரை, ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் சமையலறை வாசலுக்கு வந்து நிற்பாள். நான் மடிக்கணினியிலிருந்து தலை தூக்கக் காத்திருப்பாள்.

"தம்பி, இன்னைக்கு யாரும் வராங்களா?"

கறிக்கு மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. ரசத்துக்கும் கேட்டாள். கீரைக்கும் கேட்டாள். வெறும் சோறு வடிக்கிற அன்றும் கேட்டாள். யாரும் வரலக்கா, நீ செய் என்பேன். சரி சாமி என்று உள்ளே போவாள். போய், பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலை முதலில் சாத்துவாள்.